ஒப்புக்கொடுத்த தொடைநோவு

1

விழுந்துபோனா என்று உங்களுக்கு யார் சொன்னது, றீற்றா அக்கா? பாண்கடைக்காரரா? அந்த மனுசன் தூறல் விழுந்தாலே வெள்ளம் என்று சொல்கிறவர். பிலோமினா மச்சாள் விழவில்லை. கோயில் படியிலும் விழவில்லை, குளிக்கிற இடத்திலும் விழவில்லை. போன வருஷம் நான் விழுந்து காலை உடைத்தேன் என்று எங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கை முழுக்கக் கதைத்தீர்கள். நானும் விழவில்லை. எனக்கு நின்ற நிலையில் தொடை எலும்பு உடைந்தது. மச்சாளுக்கு உடையப் பார்த்தது. அதற்குள்ளே கண்டுபிடித்துவிட்டோம்.

இன்றைக்குக் காலையில் வெள்ளவத்தைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அவவின் தொடைக்குள்ளே கம்பி வைக்கிறார்கள். இங்கே சுவிசில் எங்களுக்குக் காலைத் தேத்தண்ணி நேரம். அங்கே உங்களுக்கு வெயில் ஏறியிருக்கும். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று அவவின் மகன் அன்ரன் ஒரு செய்தி போட்டான். அதற்குப் பிறகு சத்தமில்லை. கம்பி போகும்வரைக்கும் அந்த எலும்பு தாங்கவேண்டும், மச்சாள் தன் காலில் எழும்பி நிற்கவேண்டும். எனக்கு வேறு ஒன்றும் இப்போது வேண்டாம்.

சும்மா இருந்தால் நெஞ்சு படபடக்கிறது. கதைத்தால் படபடப்பு அடங்குகிறது. அதுதான் உங்களோடு கதைக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உங்களுக்குத் தெரியாதா? நான் சொல்லச் சொல்ல மகள் டிலானி எழுதுகிறாள். நான் வந்தனான், போனனான் என்று சொல்ல, அவள் அதற்கெல்லாம் இஸ்திரி போட்டு வந்தேன், போனேன் என்று மடித்து வைக்கிறாள். மச்சாளை மட்டும் "சொன்னா" என்றே விடச் சொன்னேன். "சொன்னார்" என்று எழுதினால் யாரோ நீதவானைப்பற்றிச் சொல்கிறமாதிரி இருக்கும்.

இலக்கமும் போடுகிறாள். "அம்மா, நீங்கள் கதைக்கிற கதைக்கு இலக்கம் போடாட்டி வாசிக்கிற சனம் வழி தெரியாமல் நிண்டிடும்" என்கிறாள். போடட்டும். கோயிலால் அடிக்கிற மாதத்தாளில் வெளிநாட்டுச் சனத்துக்கு ஒரு பக்கம் விட்டிருப்பதாக உங்கள் மகன் சொன்னாராமே. இதையே கொடுத்துவிடுங்கோ. ஒழுங்கைச் சனம் பாண்கடையில் கேளாமல் இதிலே வாசிக்கட்டும்.

உடுப்பைக் கீழே மெஷினில் போட்டாயிற்று. அது சுற்றி முடியுமட்டும் எனக்கு நேரம் இருக்கிறது.

2

எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக் குளிசையில் தொடங்கினது.

என் மனுசன், மச்சாளின் தம்பி, இவர் செத்த பிறகு டிலானி என்னை இங்கே கூப்பிட்டுக்கொண்டாள். வந்த புதிதில் இங்கத்தைய கிழட்டு டொக்டர் என்னை ஒரு கட்டிலில் கிடத்தி எலும்பைப் படம் பிடித்தார். பிடித்துவிட்டு, என் எலும்பு பாணின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டையாய்ப் போய்க் கிடக்கிறது, இப்படியே விட்டால் தும்மினாலும் முதுகெலும்பு நொறுங்கும் என்றார். கிழமைக்கு ஒரு குளிசை எழுதினார். அதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அக்கா. எழும்பின உடனே வெறுவயிற்றில் போடவேண்டும். ஒரு பெரிய கிளாஸ் பச்சைத்தண்ணி முழுக்கக் குடிக்கவேண்டும். அரைமணித்தியாலம் தேத்தண்ணியும் கூடாது, படுக்கவும் கூடாது. நிமிர்ந்து இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அது தொண்டைக்குழாயை எரித்துப்போடும்.

"எந்த நாள் போடப்போறீங்கள்?" என்று கேட்டார். நான் ஞாயிறு என்றேன்.

ஏனென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற நாளில் பச்சைத்தண்ணி தவிர ஒன்றும் வாயில் படாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். இப்போது ஒரு மணித்தியாலம் காணும் என்று சுவாமிமார் சொல்கிறார்கள். எங்கள் வயிறு அதைக் கேட்கிறதாயில்லை. வெறுவயிறு எப்படியும் இருக்கிறது, குளிசையும் வெறுவயிறு கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே பட்டினி.

அங்கே மச்சாளுக்கும் முதுகு வளைகிறதென்று அதே குளிசையை எழுதிக்கொடுத்தார்கள். அவவும் ஞாயிறுதான். முதல் பூசைக்கு வெளிக்கிடும்போது குளிசையைப் போட்டுத் தண்ணியைக் குடித்துவிட்டுக் கோயிலுக்கு நடந்துவிடுவா. "கோயில் வாங்கில இருக்கிறமாதிரி நிமிந்து வேற எங்க மச்சாள் இருக்கலாம்?" என்று கேட்பா. பூசை முடிந்து, வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுக் கையைக் கழுவுகிற நேரம் இங்கே எனக்கு விடியும். நான் குளிசையைப் போட்டுவிட்டு யன்னலோரக் கதிரையில் நிமிர்ந்து இருந்து அவவுக்குப் போன் எடுப்பேன். அரைமணித்தியாலம். அதுதான் எங்கள் நேரம்.

அந்த அரைமணித்தியாலத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று சொல்லத் தெரியாது, அக்கா. யன்னலுக்கு வெளியே ஆற்றுப் புகார் வெள்ளைப் பனியாய் எழும்பி வீடுகளின் காலையெல்லாம் மறைத்துவிடும். கூரைகள் மட்டும் மிதக்கும். காதிலோ கொட்டாஞ்சேனைக் காகம் கத்தும். துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாய் ஊதும். மீன்காரன் வருவான், மதிலுக்கு மேலால் நீங்கள் அவனோடு சிங்களத்தில் சண்டைபிடிக்கிறதும் கேட்கும். சில வேளை மச்சாள் ஒன்றும் பேசாமல் கீரை ஆய்வா. நான் அந்தக் காம்பு முறிகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். புகாருக்குள்ளே இருந்து எங்கள் ஒழுங்கை முகப்பு தெரியப்போகிறது என்று நினைப்பேன். பிறகு வெயில் வந்து புகாரைத் துடைக்கும், பஸ் ஓடும், டிலானி "அம்மா, அரைமணித்தியாலம் முடிஞ்சுது, தேத்தண்ணி" என்பாள்.

எத்தனையோ வருஷம் இப்படி. சில வருஷம் கழித்து இந்தக் குளிசைக்கு ஓய்வு கொடுப்பதா என்று பார்க்கவேண்டும் என்று அந்தக் கிழட்டு டொக்டர் ஒருநாள் சொன்னது நினைவு. பிறகு அவர் இளைப்பாறிப் போனார். புதிதாய் வந்தவர் பழையபடியே எழுதினார். மச்சாள் முடிந்த அட்டையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் காட்டுவா, அவர்கள் இன்னொரு அட்டை கொடுப்பார்கள். எத்தனை வருஷமாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுப் பூசையை எப்போது நிற்பாட்டலாம் என்று யாராவது கேட்பார்களா?

3

என் வலது தொடை முதலில் சும்மா முணுமுணுத்தது. இருந்து எழும்பும்போது யாரோ உள்ளே பெருவிரலால் அமத்துகிறமாதிரி. நடந்தால் போய்விடும். குளிர்நாடு, மாடிப்படி, வயது. அதற்கு நானே மூன்று காரணம் வைத்திருந்தேன். தைலம் பூசினேன். டிலானி வேலைக்கு ஓடுகிறவள், அவளுக்குச் சொல்லவில்லை.

இங்கே மாடிவீடுகளில் உடுப்புத் தோய்க்கிற மெஷின் எல்லா வீட்டுக்கும் பொது. நிலத்துக்குக் கீழே ஒரு அறை, அதற்கு ஒரு பூட்டும் திறப்பும், ஆளாளுக்கு ஒரு முறை. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை காலை. எங்களுக்குப் பிறகு மேல்வீட்டு ஃபிராவ் மோசர். தனித்து இருக்கிற மனுசி. முறை பிந்தினால் கதவில் ஒரு கடுதாசித் துண்டு எழுதி ஒட்டுவா. எனக்கு வாசிக்கத் தெரியாதே, நான் அதைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு வருவேன்.

அன்றைக்கு மெஷினுக்குள்ளே இருந்து ஈரப் படுக்கைவிரிப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன். அவ்வளவுதான். காய்ந்த ஓலை மட்டை முறிகிறமாதிரி ஒரு சத்தம். யாரோ எதையோ உடைத்துவிட்டார்கள் என்று சுற்றிப் பார்க்கிறேன், அக்கா! பிறகு பார்த்தால் என் கால் என்னோடு இல்லை. நான் மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். மற்றக் காலில் நிற்கிறேன். விழவில்லை.

முறை முடிந்துவிட்டது. ஃபிராவ் மோசர் ஏச வந்து கதவைத் திறந்தா. வாயைத் திறந்தவ அப்படியே மூடினா. ஒரு முக்காலியை எனக்குக் கீழே தள்ளி, என்னைத் தாங்கி இருத்தி, போனில் அம்புலன்சைக் கூப்பிட்டா. அது வருகிறதுக்குள்ளே என் உடுப்பெல்லாம் எடுத்துக் கொடியில் விரித்துப் போட்டா. பிறகு தன் உடுப்பைப் போட்டு மெஷினை ஓடவிட்டா. பிறகுதான் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. முறை என்றால் முறைதான். எனக்கு அந்த நோவுக்குள்ளேயும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு வந்ததுதான் பெரிய கூத்து. இந்த நாட்டில் விபத்து ஒரு கணக்கு, நோய் வருத்தம் வேறு கணக்கு. காப்புறுதிக் கந்தோரிலிருந்து ஒருத்தி போன் எடுத்தாள். டிலானி நடுவிலே இருந்து மொழிபெயர்க்கிறாள்.

"எங்க விழுந்தவ எண்டு கேக்கினம், அம்மா."

"விழேல்லை எண்டு சொல்."

"விழாமல் தொடை எலும்பு என்னெண்டு உடையும் எண்டு கேக்கினம்."

"அதை என்னட்டக் கேட்டால்? நான் கொட்டாஞ்சேனையாள், எலும்பு டொக்டரோ?"

"ஈரத்தில சறுக்கினவவோ எண்டு..."

"பிள்ளை, சறுக்கேல்லை, விழேல்லை, ஆரும் தள்ளவும் இல்லை. நிண்டனான், உடைஞ்சுது. வேணுமெண்டால் மோசர் அம்மாவைக் கேக்கச் சொல்."

ஃபிராவ் மோசரைக் கேட்டார்கள். "நின்றுகொண்டிருந்தா" என்று ஒரே சொல்லில் சாட்சி சொன்னாவாம். அப்படியும் நம்பாமல், கிழவர்கள் விழாமல் பார்த்துக்கொள்கிற ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்து, நான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சின்னப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பாய் என்ன பாவம் செய்தது?

4

சத்திரசிகிச்சைக்கு இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கப்பண்ணினார்கள். நித்திரைக்கும் ஏதோ கொஞ்சம் தந்தார்கள், ஆனால் காது நித்திரை கொள்ளவில்லை. எங்கேயோ டொக் டொக் என்று சுத்தியல் அடிக்கிறது. எனக்குப் பயமே வரவில்லை. திருநாளுக்கு முதல் நாட்களில் எங்கள் கோயில் முற்றத்தில் தச்சர்மார் மாதாவின் சுரூபக்கூட்டுக்குப் பலகை அடிக்கிற சத்தம் என்று கிடந்தேன். வெள்ளைப் பலகை வாசம்கூட வந்தது. நீல ரேந்தைத் துணி கட்டுகிறார்கள். மச்சாள் கீழே நின்று, "அந்தப் பக்கம் சரிஞ்சு போச்சு, சரியா அடியுங்கோ" என்று அவர்களை ஏவுகிறா. இவர் வெள்ளைச் சேட்டோடு துறைமுகத்து வேலையால் வந்து கைலேஞ்சியால் கழுத்தைத் துடைக்கிறார். என்னைப் பார்க்கிறார்.  கடைசி ஆணி அடித்து முடிந்ததும் எல்லாரும் கையைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் பச்சை உடுப்பு டொக்டர். என் தொடைக்குள்ளே இடுப்பிலிருந்து முழங்கால்வரைக்கும் ஒரு கம்பி.

என்ன நடந்ததென்று எனக்கு விளங்கப்படுத்தினவள் பேத்தி நடாலி. அவளுக்குப் படிப்பு, சிநேகிதம், வேறு ஊரில் அறை. தமிழ் அவளிடம் வருஷத்துக்கு ஒருதரம் வந்து போகிற சொந்தக்காரர் மாதிரி. டொக்டர் சொல்ல, அவள் கையாலும் கண்ணாலும் மிச்சத்தை நிரப்பினாள்.

"அம்மம்மா, எலும்பு வந்து... றோட்டு மாதிரி. எப்பவும் ஆக்கள் கிண்டினம், எப்பவும் மூடினம். உங்களுக்குக் கிண்டுற ஆக்கள் கூட. அதால எலும்பு குறையுது. குளிசை அந்தக் கிண்டுற ஆக்களை... உஷ்! மெதுவா எண்டு சொல்லுது."

"அப்ப நல்லதுதானே?"

"ஓம், நல்லது. கனபேருக்கு நல்லது. ஆனால் ரொம்ப வருஷம் அவையள் சும்மா இருந்தால், சின்னச் சின்ன வெடிப்பு வந்தால் ஆர் கிண்டித் திருத்துறது? தொடைதான் முழுப் பாரமும் தூக்குது. வெளிப்பக்கத்தால வெடிச்சு வெடிச்சு..." என்று சொல்லி, மேசையில் இருந்த பென்சிலை எடுத்து முறிக்கிறமாதிரிக் காட்டினாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. கொழும்புக் காலி வீதியில் வருஷம் முழுக்கக் கிண்டிக்கொண்டிருக்கிற ஆட்களைப் பார்த்து நாங்கள் ஏசுகிறோம். அவர்கள் ஒரேயடியாய் வீட்டுக்குப் போனாலும் வீதி பிழைக்காது.

"இது சிலபேருக்குத்தானாம், அம்மம்மா. குளிசையால உடையாமல் தப்பின ஆக்கள்தான் கூட எண்டு டொக்டர் சொல்றார். ஆனால் கன வருஷம் போட்ட ஆக்களுக்குத் தொடை நொந்தால் உடனே சொல்லோணுமாம். நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அவள் கண் கலங்கியிருந்தது. தமிழ் குறைந்தாலும் கண்ணீர் எங்கள் வீட்டுக் கண்ணீர்தான். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு பெரிய சந்தோஷம். கால் உடைந்து கிடக்கிறவளுக்கு என்ன சந்தோஷம் என்று கேட்காதேங்கோ.

டொக்டர் குளிசையை நிற்பாட்டினார். மற்றத் தொடையையும் படம் பிடித்தார். சில பேருக்கு இரண்டு பக்கமும் வருமாம். எனக்கு மற்றது சுத்தம்.

5

குளிசை நின்றது, அரைமணித்தியாலம் நிற்கவில்லை. ஞாயிறு விடிய யன்னலோரக் கதிரையில் நிமிர்ந்து இருந்து போன் எடுப்பேன். உயிர்த்த ஞாயிறு முடிந்து இரண்டொரு கிழமையிருக்கும், மச்சாள் கதிரையால் எழும்பும்போது பல்லுக்குள்ளே ஒரு சத்தம் கேட்டது. "ஸ்ஸ்" என்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், அக்கா. அது என் சத்தம்.

"என்ன மச்சாள், எங்க நோகுது?"

"ஒண்டுமில்லை."

"தொடையோ?"

 காகம் மட்டும் கத்துகிறது.

"மச்சாள், உம்மைத்தான் கேக்கிறன். தொடையோ?"

"சொல்லக்கூடாது."

"ஏன் சொல்லக்கூடாது?"

"ஒப்புக்கொடுத்திட்டன்."

 எங்கள் சனம் தபசுகாலத்தில் ஒருத்தி மீனை விடுவாள், ஒருத்தி வெற்றிலையை விடுவாள். மச்சாளுக்கு விடுவதற்கு வேறொன்றும் இல்லை, எல்லாவற்றையும் எப்போதோ விட்டவ. அதனால் தன் தொடைநோவை எடுத்து ஒப்புக்கொடுத்திருக்கிறா. மருந்து போடுவதில்லை, டொக்டரிடம் போவதில்லை, ஒருத்தருக்கும் சொல்வதில்லை. இதுதான் ஒறுத்தல்.

"தபசுகாலம் முடிஞ்சுதெல்லோ!" என்றேன்.

"தபசுகாலத்துக்கில்லை. உம்மட காலுக்கு. உம்மட கால் சுகம் வருமட்டும் இதுக்கு மருந்து தேடமாட்டன் எண்டு நேர்ந்தனான்."

நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது. டிலானி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள்.

"விசர் மச்சாள்! என்ர காலுக்குக் கம்பி வைச்சது டொக்டர். நீர் நொந்துகொண்டு இருந்ததாலயே கம்பி இறுகினது?"

"கம்பி வைச்சது டொக்டர். சுகம் குடுக்கிறது ஆர்?"

 அவவிடம் எப்போதும் கடைசிச் சொல் இருக்கும்.

"சரி. எனக்குச் சுகம் வந்திட்டுது. முடிஞ்சுது நேர்த்தி. நாளைக்கே டொக்டரிட்டப் போம்."

"பொய். நீர் இன்னும் தடியோட எண்டு டிலானி போன கிழமைதானே சொன்னவள்."

அது உண்மை. தடி தேவையில்லை, எறி என்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை எப்போதோ சொல்லிவிட்டாள். கால் தாங்கும், எனக்குத்தான் பயம். அந்த ஓலைமட்டைச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. தோய்க்கிற அறைப் பக்கம் நான் போகவேயில்லை. யாரும் கேட்டால் குளிர் என்பேன்.

இப்போது பாருங்கோ. நான் தடியை விடாவிட்டால் அவ டொக்டரிடம் போகமாட்டா. அவ ஒவ்வொரு நாளும் அந்தக் காலோடு கோயில் படி ஏறி இறங்குகிறா, முழந்தாளில் நிற்கிறா. என்னுடையது எப்படி உடைந்ததென்று எனக்கல்லவா தெரியும்! ஒரு படுக்கைவிரிப்போடு திரும்பினது காணும்.

செவ்வாய்க்கிழமை வந்தது. டிலானியை வீடியோ பிடிக்கச் சொன்னேன். "மச்சாள், கண்ணை வெட்டாமல் பாரும்" என்றேன். தடியைக் கதவுக்குப் பின்னால் சாத்தினேன். முதல் படியில் கால் வைத்தேன். போனுக்குள்ளே மச்சாள் செபமாலையை உருட்டுகிறது கேட்கிறது. ஒரு கை சுவரில், பிறகு சுவரிலும் இல்லை. கீழே ஃபிராவ் மோசர் தன் கூடையோடு நிற்கிறா. என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றா, நடை பழகுகிற பிள்ளைக்கு நிற்கிறமாதிரி. நான் அந்த மெஷினடிக்கு நடந்துபோய் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"பார்த்தீரே?"

"பார்த்தன்" என்றா மச்சாள். மூக்கை உறிஞ்சினா. "அவர் கேட்டிட்டார், மச்சாள். இனி நான் போகலாம். பின்னேரப் பூசைக்குப் போய் நன்றி சொல்லிப்போட்டு நாளைக்கு..."

"பூசை பிறகு! படியில கால் வையாதையும்! அன்ரனைக் கூப்பிடும்!"

6

அன்ரன் வெள்ளவத்தையில் இருந்து வந்து தாயை ஏற்றிக்கொண்டு போனான். மச்சாள் டொக்டரிடம் போய் முழங்கால் நோகிறதென்று சொல்லியிருக்கிறா. முழந்தாளில் நின்று நின்று வந்த நோவு என்று அவவுக்கு நினைப்பு. முழங்காலைப் படம் பிடித்தார்கள். ஒன்றுமில்லை. "பார்த்தீரே, ஒண்டுமில்லை" என்று எனக்குப் பெருமையடிக்கிறா.

நான் அன்ரனைப் பிடித்தேன். "தம்பி, இடுப்பில இருந்து முழங்கால் மட்டும் முழுத் தொடையும் எடுக்கச் சொல்லு. ரெண்டு காலும். என்ன குளிசை, எத்தனை வருஷமாப் போட்டவ எண்டதையும் சொல்லு. அந்த வெறும் அட்டையைக் கையோட கொண்டுபோ."

"மாமி, டொக்டருக்கு நான் படிப்பிக்கிறதோ?"

"படிப்பிக்க வேண்டாம். கேள். கேட்டால் ஆரும் அடிக்கமாட்டினம்."

கேட்டான். டொக்டர் நல்ல மனுசன், குளிசையின் பெயரைக் கேட்டதும் தானே எழும்பிப் படத்துக்கு எழுதினாராம். இடது தொடையின் வெளிப்பக்கத்தில் எலும்பு சின்னதாய்ப் புடைத்து, அதன் நடுவிலே ஒரு கோடு. தேத்தண்ணிக் கோப்பையில் மயிர்போல ஒரு வெடிப்பு வருமே, தண்ணி ஒழுகாது, ஆனால் ஒருநாள் கையோடு வரும். அந்தக் கோடு. "அம்மா, நீங்கள் இந்தக் காலில இவ்வளவு நாள் நடந்தது அதிசயம்" என்றாராம். மச்சாள் என்ன சொல்லியிருப்பா என்று நினைக்கிறீர்கள்? "அது எனக்குத் தெரியும்" என்றாவாம்.

அந்தக் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொட்டாஞ்சேனை வீட்டில் படி, அன்ரனின் மாடிவீட்டில் லிஃப்ட். அதனால் இந்த நாட்களெல்லாம் வெள்ளவத்தையில் சில்லுக்கதிரையில் இருந்தா. நீங்கள் அவவைக் காணாமல் விழுந்துபோனா என்று நினைத்தது அதனால்தான். அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. "கடல் இருக்கு, ரெயின் இருக்கு, கோயில் மணிதான் கேக்குதில்லை" என்று ஒவ்வொரு ஞாயிறும் முறைப்பாடு. நான் இங்கத்தைய கோயில் மணி அடிக்கிற நேரம் போனை யன்னலுக்கு வெளியே பிடித்துக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, "இது வேற மாதாவின்ர மணி" என்றா. ஆனாலும் அடுத்த கிழமையும் பிடிக்கச் சொன்னா.

அக்கா, இதைக் கேட்டுவிட்டு உங்கள் குளிசையைத் தூக்கிக் குப்பையில் எறிந்துவிடாதேங்கோ, என்ன? உங்களுக்கு அது இன்னும் தேவையாய் இருக்கும். நீங்களாய் நிற்பாட்டவும் வேண்டாம், நீங்களாய் வருஷக்கணக்கில் போடவும் வேண்டாம். டொக்டரிடம் போய், இவ்வளவு வருஷமாயிற்று, இன்னும் போடட்டோ என்று கேளுங்கோ. தொடையோ கவட்டுப் பக்கமோ நொந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கோ. ஒப்புக்கொடுக்க ஆசையாயிருந்தால் அந்த மீன்காரனோடு பிடிக்கிற சண்டையை ஒப்புக்கொடுங்கோ.

இன்றைக்குச் செவ்வாய், அந்தோனியார் நாள். விடிய எழும்பி ஒரு திரி கொளுத்தினேன். என்ன கேட்கிறதென்று தெரியவில்லை. அவ என் காலுக்குத் தன் காலைக் கொடுத்தா, நான் அவவின் காலுக்கு எதைக் கொடுக்கிறது? தேத்தண்ணியை விடுவோமா என்று யோசித்தேன். அந்தோனியாரே சிரிப்பார். நான் தடியைக் கொடுத்தேன். இனித் தொடுவதில்லை.

வெளியே புகார் போய்விட்டது. கூரைகளுக்குக் கால் முளைத்துவிட்டது. போன் இன்னும்...

இருங்கோ, அடிக்கிறது. அன்ரன்.

டிலானி, எழுதுகிறதை விடாதை. எல்லாம் எழுது.

"மாமி, முடிஞ்சுது. நல்லா முடிஞ்சுது. எலும்பு கடைசிவரைக்கும் உடையேல்லையாம். அம்மா முழிச்சுக்கொண்டுதான் இருக்கிறா. நாளைக்கு எழுப்பி நிப்பாட்டுவினமாம். இந்தாங்கோ, கதைக்கோணுமாம், குடுக்காட்டி விடமாட்டாவாம்."

"மச்சாள்."

குரல் தண்ணிக்குள்ளே இருந்து வருகிறமாதிரி இருக்கிறது.

"சொல்லும் மச்சாள். நோகுதே?"

"இல்லை. சுத்தியல் சத்தம் கேட்டுது. நீர் சொன்னமாதிரியேதான். திருநாள் வேலை."

"கேட்டுதே! உம்மட தம்பியைக் கண்டீரே? வெள்ளைச் சேட்டோட நிண்டாரே?"

"நிண்டவன். உம்மைக் கேட்டவன். வாறா, அவவுக்கு இன்னும் அலுவல் இருக்கு எண்டு சொன்னன்."  பிறகு, "மச்சாள், இண்டைக்குச் செவ்வாயெல்லோ?"

"ஓம், அந்தோனியார் நாள்."

"அதில்லை. உம்மட தோய்க்கிற முறையெல்லோ? உடுப்பை எடுத்திட்டீரே? அந்த மனுசி வந்து ஏசப்போறா."

கேட்டீர்களே, றீற்றா அக்கா! தொடையில் கம்பி ஏற்றிக் கிடக்கிற மனுசிக்கு என் ஈர உடுப்பு நினைவிருக்கிறது, எனக்கு இல்லை! மெஷின் எப்போதோ நின்றிருக்கும். நான் கீழே போகிறேன். டிலானி கூட வரவேண்டாம், கூடையை மட்டும் தா. அந்தத் தடியை ஏன் நீட்டுகிறாய்? வை அதை. மோசர் அம்மா படியிறங்குகிற சத்தம் கேட்கிறது.